மூத்த தொழிலதிபர் ஒருவர்

கோயமுத்தூரில் ஒருவரிடம் "தொழில் எப்படிங்க?" என்று கேட்டு உண்மையை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. "ஏதோ ஓடுதுங்க" என்றால் நன்றாகவே போகிறது. "நெம்ப டல்லுங்க" என்றால் புதிதாக ஷெட் போடுகிறார், அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. "அத உடுங்க, காபி சாப்புடுங்க" என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாய் நிறைய "சூப்பரா போகுதுங்க" என்று ஒருவர் சொன்னால் மட்டும்தான் பயப்பட வேண்டும். கடன் கொடுத்தவர்கள் காதில் விழட்டும் என்று சொல்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும், கைமாற்றுக் கேட்டு எவனாவது வந்து நிற்பான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. தானாகவே தெரியும்.

நான் கெசியா. சிங்காநல்லூரில் ஒரு மாடியில் இருக்கும் தொழில் நிலவர மையத்தில் பன்னிரண்டு வருடமாக இந்த நாரைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறேன். மாதத்தின் முதல் வாரம் பதினான்கு நிபுணர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிவிட்டுப் போன் போடுவேன். இரண்டு பேராசிரியர்கள், மூன்று வங்கி அதிகாரிகள், ஓர் ஆடிட்டர், மீதி எட்டுப் பேர் பம்ப், மோட்டார், வார்ப்பு, நூல் என்று பழம் தின்று கொட்டை போட்ட முதலாளிகள். கேள்வி ஒன்றுதான். வருகிற மூன்று மாதம் நிலவரம் ஏறுமா, இறங்குமா, இப்படியே போகுமா? பதில்களைத் தொகுத்து இரண்டு பக்கக் குறிப்பாக வெளியிடுவோம். வங்கிகள் படிக்கும், மில்கள் படிக்கும், பம்ப் வியாபாரிகள் படிப்பார்கள். கையெழுத்து மட்டும் தலைவர் சத்தியசீலன் சாருடையது. அவர் வங்கியில் பொருளாதார ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினான்கு பேரில் அவரும் ஒருவர். மற்ற வேலையெல்லாம் என்னுடையது. என்னைவிட நன்றாக இதைச் செய்ய ஆள் கிடையாது என்பதால் எனக்கு அதில் வருத்தமும் கிடையாது.

இந்தப் பிப்ரவரியில் பன்னிரண்டு பேர் "இறங்கும்" என்றார்கள். போன மாதம் இதே ஆட்களில் பத்துப் பேர் "ஏறும்" என்றவர்கள். எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். "ஒரு முப்பது பர்சென்ட்" என்றார் முதல் ஆள். இரண்டாவது ஆளும் முப்பது. மூன்றாவதும் முப்பது. இருபத்தைந்து என்றோ முப்பத்தைந்து என்றோ ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரு மீட்டிங்கில் டீக்குச் சர்க்கரை போடலாமா வேண்டாமா என்பதிலேயே ஒத்துப்போகாத ஆட்கள் இவர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பது என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சூசைமேரி என் வீட்டு கேட்டைத் தட்டினாள். சூலூரில் எனக்கு அடுத்த வீடு. சுப்பண்ணன் ஐயாவின் பவுண்டரியில் இரண்டாம் ஷிப்ட், மாலை நாலு மணிக்குப் போவாள். வார்ப்புக்குள் வைக்கிற மணல் அச்சைக் கோர் என்பார்கள். அந்தக் கோர் ரூம் முழுக்க அவள் பொறுப்பு. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அக்கா, திங்கக்கிழமையில இருந்து எங்க ஷிப்டை மூடறாங்களாம். முப்பத்தெட்டுப் பேருக்கா. மார்க்கெட் திரும்புனதும் கூப்புடறோம்னு சொல்லிப்போட்டாரு முதலாளி."

"வேற வேலை?"

"சிங்காநல்லூர்ல ஒரு பம்ப் கம்பெனி கூப்புடறாங்க. ஆனா புது ஆளாத்தான் எடுப்பாங்களாம். ஒம்பது வருச சர்வீஸ் போச்சு. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லோணும்."

"உங்க முதலாளி எதனால மூடறாராம்?"

"மார்க்கெட் முப்பது பர்சென்ட் உழுந்துபோச்சாமா."

"உங்க ஷிப்ட்ல வேலை கொறஞ்சிருக்கா?"

"எங்கக்கா கொறஞ்சுது! போன ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம வேலைக்குப் போனமே. லோடு லேட்டாகுதுன்னு கத்துனாரு."

ஆர்டர் இல்லை என்று ஷிப்டை மூடுகிற மனுசன் ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூப்பிட்டு எதற்குக் கத்த வேண்டும்? அவளை முகம் கழுவச் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே ஆபீசுக்குக் கிளம்பினேன்.

போனதும் லாரி புக்கிங் ஆபீசுகளைக் கேட்டேன். இரும்பு வியாபாரிகளைக் கேட்டேன். எங்கேயும் எதுவும் விழவில்லை, சில இடத்தில் கூடியிருந்தது. பிறகு அந்த எட்டு முதலாளிகளுக்கும் திரும்பப் போன் போட்டேன். இந்தத் தடவை ஊர் நிலவரத்தைக் கேட்கவில்லை. "போன வாரம் உங்க கேட்டைத் தாண்டி எத்தனை லோடு போச்சுங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆறு பேருக்கு முன்பைவிடக் கூட, அல்லது அதே அளவு. ஒருவருக்குக் குறைவு, அதுவும் அவருடைய உலை ரிப்பேர். சுப்பண்ணன் ஐயா மட்டும் போனை எடுக்கவில்லை.

"அப்புறம் ஏனுங்க முப்பது பர்சென்ட் இறங்கும்னீங்க?" என்றால் எல்லோரிடமும் ஒரே பதில். "நம்மளுது ஓடுதுங்க. ஊர்லதான் சரியில்ல. பேப்பர்லயே போட்டிருக்காங்களே!"

சிங்காநல்லூர் பம்ப் கம்பெனி ஜெரால்டு சார் ஒரு படி மேலே போனார். அவரும் பதினான்கில் ஒருவர், அவரும் "இறங்கும்" என்றவர்.

"எங்கிட்ட பரவாயில்லீங்க மேடம். புதுசா பதினோரு பேருகிட்டப் பேசியிருக்கேன். சூலூர்ல ஒருத்தர் ஷிப்டை மூடறாருங்க. நல்ல கை எல்லாம் வெளிய வருது, உட முடியுங்களா?"

"நீங்கதான் நிலவரம் இறங்கும்னு சொல்லியிருக்கீங்களே சார்."

"அது... மத்தவங்களுக்கு இறங்குமுங்க" என்றார்.

அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி. 'பம்ப் ஆர்டர்கள் 30 சதவீதம் சரிவு'. உள்ளே முழுச் செய்திக்கும் ஆதாரம் ஒரே ஒரு வரி. 'சூலூரைச் சேர்ந்த மூத்த தொழிலதிபர் ஒருவர் கூறியதாவது'. அவ்வளவுதான். சரி, பதினான்கு பேரும் ஒரே பேப்பரையா வாங்குகிறார்கள் என்று யோசித்தபோதுதான் என் போனைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் தேதி, கேள்வித்தாளோடு அந்தச் செய்தியையும் படம் எடுத்து, 'தங்கள் பார்வைக்கு' என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான். மாதாமாதம் போடுகிறேன். பெரிய மனுசர்கள், படிக்க நேரமிருக்காது, உதவியாக இருக்கட்டும் என்று. வேலியில் போன ஓணானைப் பிடித்துப் பதினான்கு பேர் வேட்டியில் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இருக்க நேரமில்லை, சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

புதன்கிழமை சத்தியசீலன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். குறிப்பு வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும்.

"கெசியா, பன்னிரண்டு பேர் சொல்றாங்க. எண்ணிச் சொல்றதுதானே நம்ம வேலை?"

"பன்னிரண்டு பேர் இல்லீங்க சார். ஒரே ஆளு. நாம பன்னிரண்டு தடவை எண்ணியிருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுசர், தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் சற்று நேரம் பிடிக்கும்.

"போன வாரம் ஒரு டிவியில கூப்பிட்டாங்க" என்றார். "ஆர்டர் விழுந்திருக்கான்னு யாரும் என்னைக் கேக்கல. ஏன் விழுந்துதுன்னு கேட்டாங்க. நானும் மூணு காரணம் சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கே நம்பிக்கை வந்துருச்சு." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த ஒரு ஆள் யாருன்னு பாரு. வெள்ளி மத்தியானம் வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

செய்தி எழுதியவள் அஃப்ரா. ஆம்பூர்ப் பெண், கோயமுத்தூர் பதிப்புக்கு வந்து மூன்று மாதம். பேக்கரியில் எதிரே உட்கார்ந்ததும் முதல் வார்த்தையே, "பேர் சொல்ல மாட்டேன் மேடம். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

"பேர் வேண்டாம். என்ன கேட்டீங்க, என்ன சொன்னாரு, அது போதும்."

"பிசினஸ் எப்படி சார்னு கேட்டேன். நெம்ப டல்லுங்கன்னாரு. எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு கேட்டேன். முப்பது பர்சென்ட் இருக்குமுங்கன்னாரு. ரெக்கார்ட் பண்ணியிருக்கேன் மேடம், ஒரு வார்த்தை நான் சேர்க்கல."

"அப்ப அங்க என்ன நடந்துட்டு இருந்துது?"

"ஒரே இரைச்சல். புது ஷெட்டுக்கு மாவிலை கட்டியிருந்தாங்க. கிரேன் வெச்சு ஒரு மோல்டிங் மெஷின் இறக்கிட்டு இருந்தாங்க..."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜனவரியில் சூலூரில் வார்ப்புக்கு மணல் அச்சுப் போடுகிற அந்த மோல்டிங் மெஷினை இறக்கியது ஒரே ஒருவர், சூசைமேரியின் முதலாளி. அஃப்ராவுக்கு முகம் சுண்டிவிட்டது. 'டல்லுங்க' என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று விளக்கியதும் இன்னும் சுண்டியது.

"அப்போ உங்க ஊர்ல யாரையும் எதையும் கேக்கவே கூடாதா?"

"கேக்கலாம் அம்மணி. கேட்டுட்டு ஷெட்டையும் ஒரு பார்வை பாக்கோணும்."

ஆனால் அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வெளியூர், இந்த ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியாது. என் கோபமெல்லாம் எங்கள் நிபுணர்கள் மேல்தான். இதே ஆள் இதே வார்த்தையை ஒரு கல்யாண மண்டபத்தில் சொல்லியிருந்தால், "ஆமாமா, நெம்ப டல்லுதான்" என்று சிரித்துவிட்டு, மனுசன் எந்தக் கார் புக் பண்ணியிருக்கிறான் என்று விசாரிப்பார்கள். அச்சில் வந்ததும் சிரிக்க மறந்துவிட்டார்கள். நானும்தான் மறந்தேன், கோடு வேறு போட்டேன்.

வியாழன் மதியம் மூன்று மணிக்கு சுப்பண்ணன் ஐயாவின் ஆபீசுக்குப் போனேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார்.

"வாங்க கண்ணு. போன் எடுக்கலீன்னு கோவிச்சுக்காதீங்க, மனசே சரியில்ல. காலம் கெட்டுப்போச்சு" என்றார். சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே வாடியிருந்தார். முப்பத்தெட்டுப் பேரை வெளியே அனுப்புவது அவருக்கும் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

"இதுல சொல்லியிருக்கற மூத்த தொழிலதிபர் யாருங்க ஐயா?"

"தெரியலீங்களே. நம்மூர்ல நெம்ப வெவரமான ஆளா இருக்கோணும். சூலூர்ல பாதிப் பேருகிட்ட விசாரிச்சுப் பாத்துப்போட்டேன், ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"மெஷின் எறக்குன அன்னிக்கு, பேப்பர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. சின்னப் பொண்ணு, நல்லா மரியாதையாப் பேசுச்சு."

"அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து மேஜையில் லோடு சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி குழந்தையம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "டல்லுன்னீங்க. எத்தன கொறஞ்சுதுன்னு கேட்டதுக்கு முப்பதுன்னீங்க. நாந்தான் பக்கத்துலயே நின்னனே."

"நானா?"

கண்ணாடிக்கு மேலேயே குனிந்து அந்தச் செய்தியை மறுபடி படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரை. காது சிவந்துவிட்டது.

"சும்மா சொன்னேன் கண்ணு! எப்பவும் சொல்றதுதானே! நல்லாப் போகுதுன்னா சொல்ல முடியும்?"

"முப்பது எங்கிருந்து வந்துச்சுங்க?"

"பத்துன்னு சொன்னா டல்லாட்டமே தெரியாதேன்னு..."

குழந்தையம்மாள் சீட்டை டக்கென்று கிழித்தார். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனாலும் முதலாளி லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. "சரி, நான் ஒளறிப்போட்டேன். இருந்தாலும் இத்தன எக்ஸ்பர்ட்டும் எறங்கும்னு சொல்றாங்கல்ல? டிவியில சத்தியசீலன் சாரே மூணு காரணம் சொன்னாரே?"

"அவரு உங்களைப் படிச்சுட்டுச் சொன்னாருங்க. மத்தவங்களும் உங்களைத்தான் படிச்சாங்க. நீங்களும் உங்களையேதான் படிச்சிருக்கீங்க. ஷிப்டை மூடறேங்கறீங்களே, சிங்காநல்லூர்ல உங்க ஆளுங்க பதினோரு பேரை எடுக்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. மார்க்கெட் உழுந்திருந்தா அவங்க எதுக்குங்க எடுக்கறாங்க?"

நான் எடுத்துப் போயிருந்த லாரிக் கணக்கும் இரும்புக் கணக்கும் தேவைப்படவே இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பதினோரு பேரா? சூசைமேரியக் கூப்புடுங்க!"

ஷிப்டுக்கு அப்போதுதான் வந்த சூசைமேரி, தலைக்குத் துணி கட்டியபடியே வாசலில் நின்றாள். ஷிப்ட் மூடவில்லை, எல்லோரிடமும் சொல்லிவிடு என்றார். அவள் சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், கையைப் பிசைந்தாள்.

"சொல்றனுங்க ஐயா. ஆனா ஆளுங்க நம்ப மாட்டாங்க. போன வாரம் மூடறேன்னீங்க, இந்த வாரம் இல்லீங்கறீங்க. அடுத்த வாரம் என்ன சொல்லுவீங்களோன்னு பயப்படுவாங்க. எனக்கே பயமாத்தானுங்க இருக்குது. அவங்களும் பேப்பர் பாக்கறவங்கதானுங்க."

ஒன்பது வருடம் வேலை பார்த்த பெண் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னது அவரை அறைந்த மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "அதே பேப்பர்ல, உங்க பேரைப் போட்டு, தொழில் நல்லாப் போகுதுன்னு சொல்லிருங்க ஐயா."

"ஐயையோ! நல்லாப் போகுதுன்னு நான் பேப்பர்ல சொன்னா, சுப்பண்ணன் முழுகிப்போறான்னு பேங்க்காரன் அடுத்த நாளே இங்க வந்து உக்காந்துக்குவானே!"

சரிதான். பன்னிரண்டு வருடம் நார் உரித்தவள், இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆள் தேவைன்னு வெளம்பரம் குடுங்க" என்றார் குழந்தையம்மாள். "ரெண்டாம் ஷிப்டுக்கு இருவது பேர் வேணும்னு. வாயில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. காசு குடுத்துப் போட்டா நம்புவாங்க."

"புதுசா இருவது பேரா?"

"அந்த மெஷினை யாரு ஓட்டறது? மெஷினை வாங்கி நிறுத்திப்போட்டு ஷிப்டை மூடறாராமா." சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

வெள்ளி மதியம் குறிப்பில் இரண்டே வரி முக்கியமாகப் போட்டேன். ஊர் நிலவரம் இறங்கும் என்ற நிபுணர்கள் பன்னிரண்டு. தன் பட்டறையில் வேலை குறைந்தது என்ற முதலாளி ஒருவர். சத்தியசீலன் சார் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எங்கள் குறிப்பை எந்தப் பேப்பரும் கண்டுகொள்ளவில்லை, அஃப்ரா மட்டும் உள்பக்கத்தில் நாலு வரி எழுதினாள்.

விளம்பரத்தை ஊரே பார்த்தது. சனிக்கிழமை, அதே பேப்பர், அதே பக்கம், கால் பக்க அளவு. கொட்டை எழுத்தில் பவுண்டரி பெயர், இருபது ஆள் தேவை, இரண்டாம் ஷிப்ட், உடனடி. ஏழரை மணிக்கே என் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆடிட்டர், ஒரு வங்கி அதிகாரி, நூல்காரர், பேராசிரியர். மதியத்துக்குள் ஒன்பது நிபுணர்கள். "மேடம், என் பதிலை 'ஏறும்'னு மாத்திக்கங்க. சுப்பண்ணன் இருவது பேரை எடுக்கறாராமா, பேப்பர்லயே வந்திருக்கு." நான்கு நாள் முன்பு முதலாளிகளே வாயால் சொன்ன லோடு கணக்கு எதையும் மாற்றவில்லை. கால் பக்க விளம்பரம் மாற்றிவிட்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "குறிப்பு நேத்தே போயிருச்சுங்க, அடுத்த மாசம் உங்க கேட்டைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் போனை வைத்தேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு முப்பத்தைந்து பேர் வந்தார்கள். மூன்று பேர் ஏற்கெனவே சிங்காநல்லூர் போயிருந்தார்கள், மூன்றும் தேர்ந்த மோல்டர்கள். அந்த இழப்பு நிஜம். இல்லாத சரிவுக்கு சுப்பண்ணன் ஐயா கொடுத்த விலை அது. சூசைமேரி போகவில்லை. அவளுடைய ஒன்பது வருடம் அப்படியே இருக்கிறது.

மார்ச் முதல் வாரம் கேள்வித்தாளோடு எந்தச் செய்தியையும் அனுப்பவில்லை. சுப்பண்ணன் ஐயாவுக்குப் போன் போட்டு, வருகிற மூன்று மாதம் எப்படிங்க என்று கேட்டேன்.

"பேப்பர்ல என்ன போட்டிருக்காங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "கண்ணு, லைன்லயே இருங்க. வாரேன்."

போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், தூரத்தில் மெஷின் இரைச்சல், யாரையோ அவர் ஏதோ கேட்பது. நாலு நிமிடம் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"மூணு லாரி லோடு ஏத்திட்டு நிக்குதுங்க. நாலாவது உள்ள வர எடமில்லாம ரோட்டுல நிக்குது. என்ற கண்ணால பாத்தேன். பேரு போட்டே எழுதிக்கங்க."